இந்தக் கைக்கு ஆள் எங்கே? பாம்பன் கரையில் ஒரு படப் புத்தகம் உருவான விதம்

பாம்பனுக்குத் தெற்கே, தென்கடல் ஓரத்துக் கிராமம் ஒன்றில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் குழு ஒன்று எங்களிடம் ஒரு சின்னப் புத்தகம் கேட்டது. நான் ராமநாதபுரத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளி ஆண்டு மலர் என்றுதான் எங்கள் நாட்கள் போகும். இந்த வேலை வேறு மாதிரி இருந்தது. 24 பக்கம், கறுப்பு மை மட்டும், எழுத்து கொஞ்சம், படம் நிறைய. குழுவில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். சிலருக்கு அதுவும் வராது. ஆகவே படம் தனியாக நின்று பேசியாக வேண்டும்.

புத்தகத்தின் பொருள் கை. மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறிக்கிற வேலையில் முதலில் அடிபடுவது கைதான். பாறையும் பவளமும் விரலைக் கீறும். கடல் முள்ளி குத்தும். அதற்காக விரல்களில் துணிக் கீற்றைச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். துணி சுற்றும் முறை, பாசியின் பிடிப்பு பாறையிலேயே தங்கும்படி பறிப்பது, கீறல் பட்டால் கழுவுவது, திருக்கை முள் குத்தினால் செய்ய வேண்டியது, இடுப்பில் கட்டும் வலைப்பை கிழிந்தால் தைப்பது. பக்கத்துக்குப் பக்கம் கைதான்.

படம் வரைய ஆளைத் தேடிப் போகக் குழுவிடம் பணம் இல்லை. எனக்கும் ஒரு ஆசை இருந்தது. பழைய கறுப்பு வெள்ளைச் செதுக்குப் படங்கள், அதாவது மரத்திலோ செம்பிலோ கோடாகச் செதுக்கி அச்சடித்தவை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். எங்கள் அச்சகத்தில் ஈய எழுத்துக் காலத்துப் பெட்டி ஒன்று இன்னும் கிடக்கிறது. அதில் சுட்டு விரல் நீட்டிய கை ஒன்று உண்டு, நகத்தளவு ஈயம். அதைக் கையில் எடுக்காமல் அந்தப் பக்கம் போக மாட்டேன். அதனால் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பழைய படத் தொகுப்பு ஒன்றை இறக்கினேன். மனிதர்களும் கைகளுமாக நூற்றுக்கணக்கான படங்கள். பேனா பிடித்த கை, ஊசி பிடித்த கை, குலுக்கும் கை, கட்டுப் போட்ட கை, நரம்பு தெரிய வரைந்த மருத்துவக் கை. எல்லாம் 18, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படங்கள். ஒன்பதைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் போட்டு, புரூஃப் எடுத்தேன்.

முதல் அடி அச்சிலேயே விழுந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தவறு எங்கள் தொழிலில் தினமும் நடக்கிறது.

இறக்கிய படங்களில் பல 800 பிக்சல் அகலம். திரையில் பளிச்சென்று இருந்தன. கோட்டுப் படத்தை அச்சில் கூர்மையாகக் கொண்டுவர அங்குலத்துக்கு 1200 புள்ளி (டிபிஐ) தேவை. 3 அங்குலப் படம் என்றால் 3600 பிக்சல் வேண்டும். 800 பிக்சல் படத்தை அந்தத் தரத்தில் வைத்தால் முக்கால் அங்குலம்கூட வராது. நான் அதை 3 அங்குலத்துக்கு இழுத்திருந்தேன். அதோடு படம் சாம்பல் நிறத் தரவாக இருந்தது. சாம்பல் என்றால் பிளேட் எடுக்கும்போது இயந்திரம் அதைப் புள்ளித் திரையாக உடைக்கும். செதுக்கியவர் ஒரே மூச்சில் இழுத்த கோடு அங்கே பொடிப் புள்ளிகளின் வரிசையாகிவிடும். இரண்டு படங்கள் ஏற்கெனவே புள்ளித் திரையில் அச்சான பழைய பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்யப்பட்டவை. அவற்றின்மேல் நம் திரையும் விழுந்ததில் சேலைக் கட்டம் போல ஓர் அலை தெரிந்தது. காகிதம் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, மையைக் கொஞ்சம் குடித்துப் பரப்பும். நெருக்கமான கோடுகள் ஒட்டிக்கொண்டு, விரல் இடுக்கெல்லாம் கறுப்பாக அடைந்துபோயின.

இதற்கு மருந்து இருந்தது. சில படங்களுக்கு நூலகங்கள் வெளியிட்ட பெரிய ஸ்கேன் கிடைத்தது. அவற்றைச் சாம்பலிலிருந்து சுத்தக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். அப்படி மாற்றும்போது எந்த அழுத்தத்துக்கு மேல் கறுப்பு, எதற்குக் கீழ் வெள்ளை என்ற எல்லையைப் படம் முழுக்க ஒரே மாதிரி வைக்கக்கூடாது. பழுப்பேறிய ஓரத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று என்று பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். கிடைக்காத படங்களைக் கோரல் ட்ரா என்ற வரைகலை மென்பொருளில் தடம் பிடித்துக் கோடாக மாற்றினேன். தானாகத் தடம் பிடிப்பது கோட்டின் முனையை மொண்ணையாக்கும். செதுக்குப் படத்தின் உயிரே முனை கூராக மெலிந்து முடிவதில்தான் இருக்கிறது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து முனைகளைக் கையால் திருத்தினேன். இரண்டாவது புரூஃப் அழகாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு பாம்பனுக்குப் பஸ் ஏறினேன்.

பூவரச மர நிழலில்

கச்சான் காற்று பலமாக அடித்ததால் அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. பூவரச மரத்தடியில் 11 பேர் உட்கார்ந்தார்கள். படங்களைத் தனித்தனி அட்டையில் எழுத்தே இல்லாமல் ஒட்டி வைத்திருந்தேன். “புரியுதா அக்கா?” என்று கேட்கக்கூடாது என்பதை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டேன். அப்படிக் கேட்டால் நம் மனம் நோகக் கூடாதென்று எல்லாரும் புரியுது என்றுதான் சொல்வார்கள். “இதுல என்ன நடக்குது?” என்று கேட்டேன்.

முதல் அட்டை, கோட் உடையின் கைமடிப்போடு சுட்டு விரல் நீட்டிய கை. ‘இங்கே கவனி’ என்று பக்க ஓரத்தில் வைக்க நினைத்தது. ஒரு அக்கா விரல் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே படகுதான் நின்றது. “கோட்டுப் போட்ட ஆபீசர் நம்மளைப் போகச் சொல்றாரு” என்றார் இன்னொருவர். கடலில் எந்த இடத்தில் பாசி எடுக்கலாம், எங்கே கூடாது என்று அதிகாரிகளிடம் பல வருடம் பேச்சு கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கை அவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்?

ஐந்து விரலும் விரித்த உள்ளங்கை. ‘நிறுத்து’ என்ற பொருளில் வைத்தேன். “எலெக்ஷன் நோட்டீஸா?” என்று கேட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் விரித்த உள்ளங்கையைப் படமாகப் போட்டால் அது கட்சிச் சின்னம்தான். அது எனக்கு முன்னமே தோன்றியிருக்க வேண்டும்.

கை குலுக்கும் படம். ‘ஒருத்தராகப் போகாதீர்கள், சோடியாகப் போங்கள்’ என்பதற்காக. “வியாபாரி கணக்கு முடிச்சுக் காசு குடுத்துட்டாரு” என்று பதில் வந்தது. நல்ல வாசிப்புதான், எனக்கு வேண்டிய வாசிப்பு இல்லை.

பாசி பறிக்கும் பிடியைக் காட்ட, பழைய தையல் கையேட்டிலிருந்து இரண்டு விரலால் ஊசி பிடிக்கும் கையை எடுத்து, நுனியில் ஊசிக்குப் பதில் பாசிக்கொத்தை ஒட்டியிருந்தேன். “இது ஊசி கோக்குற கைல்ல? இப்படிப் பிடிச்சா ஒரு கொத்துகூட வராது.” ஊசியை நான் அழித்துவிட்டேன், ஆனால் விரலில் அதன் மென்மை அப்படியே இருந்தது. வேலை தெரிந்த கண் அதைப் பிடித்துவிட்டது.

கழுவும் கை: தண்ணீரைக் காட்டும் இணைகோடுகளை முடி என்றார்கள். கையின் நிழலுக்காகப் போட்ட கோடுகளையும் ஒருவர் “ஆம்பளைக் கை, மயிரா இருக்கு” என்றார். கோட்டு நிழல் என்பது பார்த்துப் பழகிய கண்ணுக்கு மட்டும் நிழல்.

கட்டுப் போட்ட கை: இதை எல்லாரும் உடனே கண்டுகொண்டார்கள், வேறு பொருளில். காயத்துக்குக் கட்டு என்று நான் வைத்தது, அவர்களுக்குக் கடலுக்கு இறங்குமுன் துணி சுற்றுவதாகத் தெரிந்தது. அது அவர்கள் அன்றாடம் செய்வது. எந்தப் பக்கத்தில் தவறாகப் படிக்கப்படும் என்று நினைத்துப் பார்த்தேன். காயம் பக்கத்தில் இதைப் போட்டிருந்தால், கீறல் பட்ட விரலில் நனைந்த பழைய துணியையே சுற்றிக்கொள்ளச் சொன்னதாக ஆகியிருக்கும்.

அப்புறம் அந்த மருத்துவக் கை. மணிக்கட்டோடு முடிந்து, தோலுக்குள் நரம்பு தெரிகிற படம். தொகுப்பிலேயே நுணுக்கமான செதுக்கு இதுதான், எனக்கு ரொம்பப் பிடித்தது. அட்டையைக் காட்டியதும் பேச்சு நின்றது. ஒரு பெரியம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, முகம் கீழே இருக்கும்படி மண்ணில் கவிழ்த்து வைத்தார். “இந்தக் கைக்கு ஆள் எங்கே?” என்றார். இந்தக் கரையில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிக்கப் போய்க் கையை இழந்தவர்கள் உண்டு. மணிக்கட்டோடு முடியும் கை அங்கே பாடப் படமாக இருக்க முடியாது.

மீதிப் படங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஒன்றைத் தவிர. தெரேஸ் த தில்மோன் என்ற ஆஸ்திரியப் பெண்மணி 1886-இல் வெளியிட்ட தையற்கலைக் களஞ்சியத்தில் வலை பின்னும் பகுதி ஒன்று உண்டு. ஊசியும் கண்ணி அளவு பார்க்கும் கோலும் பிடித்த இரண்டு கைகள், நூல் எந்த விரலைச் சுற்றி எந்த வளையத்துக்குள் நுழைகிறது என்று படிப்படியாகச் செதுக்கிய படங்கள். அந்தக் கைகளும் மெல்லிய விரல்தான், கைமடிப்பில் சுருக்கு வைத்த துணிதான். ஆனால் அட்டையைக் காட்டிய நொடியில் நான்கு பேர் ஒன்றாக “வலை முடிச்சு!” என்றார்கள். கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவை அழைத்துக் காட்டினார்கள். அவர் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, நூல் போகும் பாதையை விரலால் தடவி, “சரியாத்தான் போட்டிருக்கான். நாம மடியில வைக்கிறதை இவன் மேசையில வச்சிருக்கான்” என்றார். வரைந்தது யாரென்று அவருக்குத் தெரியாது. முடிச்சு ஒன்றேதான். நூற்று நாற்பது ஆண்டு, இரண்டு கண்டம் தாண்டி வந்த கை அங்கே தன் வேலையைச் சொல்லிவிட்டது.

வழியெல்லாம் இதையே யோசித்தேன். பஸ் பாலத்தில் ஏறும்போது பக்கத்து ரயில் பாலத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பது படமும் பழையவை, எல்லாமே வெள்ளைக்காரக் கைகள், எல்லாமே செதுக்கு. ஒன்று மட்டும் ஏன் பேசியது?

வெட்டியது யார்

பழைய படங்களின் பிறப்பைத் திரும்பிப் பார்த்தால் பதில் கிடைக்கிறது.

மரத்தில் படம் செதுக்குவது பழைய வித்தை. பலகையின் நீளவாட்டு முகத்தில் கத்தியால் செதுக்குவார்கள். நார் ஓடும் திசை கத்தியைத் தடுக்கும், நுணுக்கக் கோடு உடையும். இங்கிலாந்தின் தாமஸ் பெவிக், 1753-இல் பிறந்தவர், பாக்ஸ் என்ற கெட்டியான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், உலோகம் செதுக்கும் கூரான உளியால் வேலை செய்து அதை ஒரு பெருங்கலையாக வளர்த்தார். குறுக்குவெட்டில் நார் தடுக்காது, உளி எந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும். இன்னொரு வசதி, இந்த மரக்கட்டையை ஈய எழுத்தின் உயரத்துக்கே அறுத்து எழுத்தோடு சேர்த்துப் பூட்டி ஒரே தடவையில் அச்சடிக்கலாம். செம்புத் தகட்டில் செதுக்கிய படத்துக்கு வேறு அச்சு இயந்திரம் வேண்டும். அதனால்தான் 1842-இல் லண்டனில் தொடங்கிய படச் செய்தித்தாளிலிருந்து பாடப்புத்தகம், விளம்பரம், கையேடு வரை 19-ஆம் நூற்றாண்டு முழுக்க மரச்செதுக்குப் படங்களால் நிறைந்தது. பாக்ஸ் மரம் பருமன் குறைவு. பெரிய படத்துக்குப் பல கட்டைகளைச் சேர்த்துத் திருகி, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் கொடுத்துச் செதுக்கி, மறுபடி சேர்ப்பார்கள். நூற்றாண்டின் கடைசியில் புள்ளித் திரை வந்து புகைப்படத்தையே அச்சில் கொண்டுவந்த பிறகு செதுக்குவோரின் பட்டறைகள் மூடின. நம் ஊர் அச்சகங்களில் ‘லைன் பிளாக்’, ‘ஹாஃப்டோன் பிளாக்’ என்று துத்தநாகத் தகட்டில் எடுத்தது அந்த வழியின் தொடர்ச்சி.

இதற்கும் முன்னால், பிரான்ஸில் திதரோவும் தாலம்பேரும் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தின் படத் தொகுதிகள் 1762 முதல் 1772 வரை வந்தன, மொத்தம் 11. அவை செம்புத் தகட்டுப் படங்கள். தொழில்களைக் காட்டும் பக்கங்களில் பலவற்றின் அமைப்பை நான் அன்று ராத்திரி திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தின் மேல்பாதியில் பட்டறை முழுதாகத் தெரியும். ஜன்னல், மேசை, உட்கார்ந்து வேலை செய்கிற ஆட்கள். கீழ்பாதியில் கருவிகள் தனியாக, சில இடங்களில் கைகள் தனியாக, பெரிதாக. கீழே மணிக்கட்டோடு முடியும் கை யாருடையது என்று கேள்வி வராது. அந்த ஆள் மேலே உட்கார்ந்திருக்கிறான். கண் மேலும் கீழும் போய்வரும்.

பெரியம்மா கேட்ட கேள்விக்கு இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே அந்தப் பக்கத்தில் பதில் இருந்திருக்கிறது. நான் இறக்கிய தொகுப்பைத் தயாரித்தவர் யாரோ, அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து, மேல்பாதியை விட்டுவிட்டு, கையை மட்டும் கத்தரித்து, வெள்ளைப் பின்னணியில் வைத்திருக்கிறார். மருத்துவ நூலிலிருந்து, விளம்பரத்திலிருந்து, தையல் கையேட்டிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே. வலை பின்னும் படம் மட்டும் ஏன் தப்பியது என்றால், அதில் கையோடு ஊசியும் கோலும் நூலும் பாதி வலையும் சேர்ந்தே செதுக்கப்பட்டிருந்தன. ஆளை வெட்டினாலும் வேலையை வெட்ட முடியவில்லை.

நம் பக்கத்துப் பழைய படம் கிடைக்காதா என்றும் தேடினேன். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1890-இல் சென்னை அருங்காட்சியகத்துக்காக எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். இந்தக் கடலை அறிய இரண்டும் பெரிய பொக்கிஷம், மறுக்கவில்லை. ஆனால் தர்ஸ்டன் ஆட்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, சாதி வாரியாக மாதிரி எடுத்து வைத்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் வந்த அவரது ஏழு தொகுதிகளில் வரும் படங்களில் நிற்கிற மனிதர்களுக்குப் பெரும்பாலும் சாதிப் பெயர்தான் குறிப்பு. அந்தப் பார்வையில் எடுத்த படத்தை வெட்டி, இந்தப் பெண்களிடமே அவர்கள் வேலையைச் சொல்லிக்கொடுக்கக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் விளக்கத்தோடு வரலாம். இங்கே வேண்டாம் என்று விட்டேன்.

உரிமை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-படி ஓவியரின் வாழ்நாளும் அவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. 1965-இல் இறந்தவரின் படம் 2026 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து. தில்மோன் 1890-இலேயே இறந்துவிட்டதால் சிக்கல் இல்லை. ஆனால் ‘பழைய படம்தானே’ என்று தமிழ் வார இதழ்களின் கோட்டோவியங்களை எடுப்பவர்கள் நிறைய. கோயில் சிற்பங்களைக் கோட்டில் கொண்டுவந்த சில்பி இறந்தது 1983-இல், அவர் படங்களுக்கு 2043 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஓவியர் கோபுலு நம்மை விட்டுப் போனது 2015-இல். காகிதம் பழுத்திருக்கிறதா என்று பார்த்தால் போதாது, வரைந்தவர் இறந்த ஆண்டைப் பார்க்க வேண்டும்.

மறுபடி வரைந்தது

திரும்ப அந்தக் கிராமத்துக்குப் போனேன், இந்த முறை படம் இல்லாமல், கேமராவோடு. முகம் வேண்டாம், கை மட்டும் எடுக்கிறேன் என்று சொன்னபோது அவர்களே மறுத்தார்கள். “கையை மட்டும் எடுத்தா மறுபடி அதே மாதிரிதானே வரும்? உக்காந்திருக்கிறதை எடு.” யார் படம் எந்தப் பக்கத்தில் வரும் என்று குழு நோட்டில் எழுதி, ஒவ்வொருவரும் சம்மதம் போட்டார்கள்.

நான் நினைத்திருந்த கையும் அவர்கள் கையும் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரிந்தது. பறிக்கும்போது கட்டைவிரல் நுனியும் ஆட்காட்டி விரல் நுனியும் சேர்வதே இல்லை. கட்டைவிரல், மடக்கிய ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்துகிறது. கொத்தின் நடுவில் பிடித்து ஒரு சுழற்று. அடிப்பிடிப்பு பாறையில் தங்கிவிடும், மறுபடி துளிர்க்கும். துணி சுற்றும்போது முடிச்சு விரலின் வெளிப்பக்கம் வர வேண்டும், உள்பக்கம் வந்தால் பிடிக்கும்போது உறுத்தும். நான் முதல் பக்கத்தில் முடிச்சை உள்பக்கம் போட்டிருந்தேன், பார்க்க அழகாக இருந்ததால். ஒரு அக்கா என் விரலிலேயே இரண்டு விதமாகவும் சுற்றி, ஒரு கல்லைப் பிடிக்கச் சொன்னார். அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது.

பிறகு வரைந்தேன். புகைப்படத்தை விளக்குப் பலகையில் வைத்து மேலே காகிதம் போட்டு, மைப் பேனாவால். செதுக்குப் படத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கோட்டின் நடத்தையை மட்டும். கோடு உருவத்தின் வளைவைத் தொடர்ந்து ஓடும், வெளிச்சம் வரும் இடத்தில் மெலிந்து நிற்கும். அதை விரல் மூட்டுக்கும் துணி மடிப்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டேன். தோலின் மேல் நிழல் கோடு எதுவும் இல்லை, முடி என்று படித்ததை மறக்கவில்லை. தோல் கறுப்பைக் காட்ட இணைகோடு போட்டும் பார்த்தேன். சின்ன அளவில் அழுக்குப் படிந்த கை போல வந்தது. அது கூடவே கூடாது. கடைசியில் அகலமான மூட்டு, ஒட்ட வெட்டிய நகம், தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல் நுனி, சுற்றிய துணி, இவையே போதுமாக இருந்தன. “இது யாரு கை?” என்று அட்டையைக் காட்டியபோது பெயர் சொல்லிக் கண்டுபிடித்தார்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஆள் முழுதாக வரும் சின்னப் படம், கீழே அதே ஆளின் கை பெரிதாக. மேலே இருப்பவர் தலையில் கட்டிய துண்டும் சேலைக்கு மேல் போட்ட சட்டையும் கீழே முழங்கைவரை தொடரும். எந்தக் கையும் வெற்று வெள்ளையில் முடியாது. சட்டைக் கையிலோ, தண்ணீர் விளிம்பிலோ, பக்கத்தின் ஓரத்திலோதான் முடியும்.

இரண்டாம் முறை காட்டியபோதும் எல்லாம் சரியாகவில்லை. தவறான முறையின்மேல் பெருக்கல் குறி போட்டிருந்தேன். சிலர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, படக் கோடுகளுக்குள் குறியும் ஒரு கோடாகிவிட்டது. குறியை எடுத்துவிட்டு, அடியோடு சுரண்டிய பாறையை வெறுமையாகவும், பிடிப்பை விட்டுப் பறித்த பாறையைத் துளிரோடும் அடுத்தடுத்து வரைந்தோம். திருக்கை முள் பக்கத்தில் இன்னொரு சிக்கல். குத்துப்பட்ட கையைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வைக்க வேண்டும், அந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும், அப்புறம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாத்திரத்துக்கு மேல் ஆவிக்கோடு வரைந்தேன். பாசி என்றார்கள். பாத்திரத்துக்குப் பக்கத்தில் எரியும் அடுப்பைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அடுப்பின் மேலேயே பாத்திரத்தை வைக்கவில்லை, கையைக் கொதிநீரில் விட்டுவிடக் கூடாதே. சூட்டை முதலில் அடுத்த ஆள் தன் கையால் தொட்டுப் பார்க்கிற படத்தை ஒரு அக்கா சொல்லித்தான் சேர்த்தோம். குத்துப்பட்டவருக்கு வலியில் சூடு தெரியாது என்றார். சோடியாகப் போவதற்கும் அந்தப் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிட்டது, தனிப் படம் தேவைப்படவில்லை.

தில்மோனின் வலை முடிச்சுப் படங்களை மட்டும் நீக்கவில்லை. வலைப்பை தைக்கும் பக்கத்தில் மேலே எங்கள் ஊர்த் தாத்தா பனை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து வலையை மடியில் போட்டிருக்கிறார். கீழே 1886-ஆம் ஆண்டின் கைகள், சுருக்கு வைத்த கைமடிப்போடு, முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. கைமடிப்பை அழித்துவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும், அந்தப் பொம்பளையும் வலை பின்னிருக்கால்ல” என்றார் பெரியம்மா. அதைப் பின்னியது, வரைந்தது எல்லாம் ஒரு பெண் கொண்டுவந்த புத்தகத்துக்காக என்பதை அதற்குள் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

படங்கள் எல்லாம் 1200 டிபிஐ சுத்தக் கறுப்பு வெள்ளைக் கோப்புகளாக, எந்த அச்சகத்திலும் திறக்கும்படி, ஒரு பென்டிரைவில் குழுவிடம் இருக்கின்றன. மூலத் தாள்கள் குழுவின் தகரப் பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள். புத்தகம் கைக்குக் கிடைத்த வாரத்தில் ஒரு தங்கச்சி போன் செய்தாள். அவள் இடதுகைக்காரி. துணி சுற்றும் பக்கத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அடுத்த அச்சில் அந்த ஒரு பக்கத்தை இரண்டு விதமாகவும் போடச் சொன்னாள். அவள் கையை வரைய இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.